அடிதாங்கித் தகடு

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஏழாவது வரைதான் படித்தேன். ரெஜினா சொன்னதில் ஒரு வார்த்தை மாறினாலும் அர்த்தம் மாறிவிடும். மாறினால் தப்பு என்னுடையது, அவளுடையது இல்லை.

ஏற்காட்டு மலையில் காப்பித் தோட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடம். அங்கே சத்துணவு சமைக்கிறேன். காலை ஒன்பதுக்குள் அடுப்புப் பற்ற வேண்டும். பேருந்து கிடையாது. கியர் இல்லாத ஒரு பழைய மலைச் சைக்கிள் வைத்திருக்கிறேன். நாற்பத்து நான்கு வயதில் அதை ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் சைக்கிள் கடை ரெஜினா. என்னைவிடப் பத்து வயது சின்னவள். கற்றுக்கொடுத்தவள் என்பதால் நான் அவளை மாஸ்டர் என்பேன். அவள் என்னை அக்கா என்பாள்.

பாதி வழியில் பாதையின் குறுக்கே ஒரு கல் நீட்டிக்கொண்டிருக்கிறது. இடது பக்கம் சரிவு. முன்சக்கரம் ஏறி இறங்கியதும், பெடலோடு சேர்ந்த பல்சக்கரம் கல்லில் டங் என்று இடிக்கும். ஒருநாள் ஒரு பல் உடைந்து, செயின் கழன்று, சரிவுப் பக்கமே சாய்ந்தேன். ஒரு காப்பிச் செடி பிடித்துக்கொண்டது. அன்று பிள்ளைகள் இரண்டு மணிக்குத்தான் சாப்பிட்டார்கள். ரெஜினா வேறு பல்சக்கரம் மாட்டிக் கொடுத்தாள்.

பல்சக்கரத்தை மூடி வட்டத் தகடு ஒன்று போடலாம் என்றார் வாடகை சைக்கிள்காரர். போட்டால் கல்லில் மாட்டிக்கொள்ளும் என்றார் ஜீப் ஓட்டுகிறவர். இரண்டு பேச்சும் சரியாகவே பட்டது. எனக்குத் தூக்கம் போயிற்று. ரெஜினாவிடம் போனேன்.

"மாஸ்டர், அந்தத் தகடு போடலாமா?"

"அடிதாங்கியா? போடலாம்."

"அப்ப போட்டுவிடு."

"போடாமலும் இருக்கலாம்."

"ஏற்கெனவே குழம்பிப்போய் வந்திருக்கேன். நீயுமா?"

அவள் எதிர்ப் பெட்டிக்கடையில் வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கி வந்தாள். சக்கரத்தின் பல் எல்லாவற்றுக்கும் வெள்ளையாகத் தடவினாள்.

"நாலு நாள் ஓட்டிட்டு வாங்கக்கா."

நாலு நாளும் ஓட்டினேன். நாலு நாளும் டங். கடைக்குப் போனதும் அவள் குனிந்து பார்த்தாள். செயின் உரசிய இடம் எல்லாப் பல்லிலும் மங்கியிருந்தது. மூன்று பல்லின் முனை மட்டும் கறுத்து நசுங்கியிருந்தது.

"சக்கரத்துல முப்பத்திரண்டு பல்லு. தினமும் ஏன் இந்த மூணே அடி வாங்குது?"

"கல்லு ஒண்ணுதானே."

"கல்லு ஒண்ணுதான். சக்கரம் சுத்துதே."

அந்த மூன்று பல்லும் அடியில் வரும்படி பெடலைச் சுற்றி நிறுத்தினாள். வலது பெடல் நேர் கீழே நின்றது.

"கல்லு வந்ததும் என்ன செய்வீங்க?"

"வலது காலைக் கீழே விறைச்சு நிறுத்திடுவேன்."

"கண்ணை?"

நான் அங்குமிங்கும் பார்த்தேன். "மூடிக்குவேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"இறங்கித் தள்ளக் கூடாதா?"

"காப்பிப் பழம் எடுக்கிற பொம்பளைங்க பார்ப்பாங்க. சைக்கிள்காரி நடந்து போறாடின்னு கிண்டல் பண்ணுவாங்க."

"சரி. தகடு போட்டா டங்குனு கேட்காது, டொப்புனு கேட்கும்."

"கல்லு?"

"அங்கேயேதான் இருக்கும்."

"அப்ப கண்ணைத் திறந்துகிட்டா தகடு வேண்டாமா?"

"திறந்தா கல்லு இன்னும் பெரிசாத் தெரியும்."

"நான் என்னதான் செய்யறது மாஸ்டர்?"

"நாளைக்கு அந்தக் கல்லு என்ன நிறம்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

ஒரு வருஷமாகத் தாண்டுகிற கல். அதன் நிறம் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பார்க்க வேண்டுமென்றால் நிறுத்த வேண்டியிருந்தது. இறங்கினேன். செடிகளுக்குள்ளிருந்து ஒருத்தி, "என்ன சைக்கிள்காரி, கல்லுக்குக் கும்பிடு போடறியா?" என்றாள். நான் நன்றாகப் பார்த்துவிட்டு, சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, ஏறிப் போனேன். சாயங்காலம் கடைக்குப் போனேன்.

"செம்மண் நிறம். உச்சியில மட்டும் சுண்ணாம்பு. நான் இடிச்சதுல ஒட்டின சுண்ணாம்பு."

ரெஜினா ஆணியில் தொங்கிய தகட்டை எடுத்து மாட்டிவிட்டாள். ஏன் அன்றைக்கு மாட்டாமல் இன்றைக்கு மாட்டினாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

தகடு இருந்தும் தினமும் கல்லருகே இறங்குகிறேன். கண்ணைத் திறந்துகொண்டு தூக்கி வைக்கிறேன். இரண்டு மாதம் கழித்து அவள் தகட்டைத் துடைத்துப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

எனக்கு மறுபடி குழப்பம் வந்துவிட்டது.

"அப்ப இது வீண்தானே மாஸ்டர். கழட்டிரட்டுமா?"

"இது இருக்குன்னு இறங்கறதை விட்டுருவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப இருக்கட்டும்" என்றாள்.