கண் கூசாத பல்பு

"எதிர்ல வர்றவங்களுக்குக் கண்ணு கூசுமுங்க," என்றான் டிரைவர் மாரப்பன். "கூசினா ஒதுங்கட்டும்டா," என்று பிக்கப் வண்டியின் ஹெட்லைட்டில் அந்த வெள்ளை பல்புகளை மாட்ட வைத்தார் கோழிப்பண்ணை முதலாளி தங்கவேலு. மறுவாரமே ஒரு ராத்திரி, மாரப்பன் ஓட்டிய அந்த வண்டிக்கு எதிரே மொபெட்டில் வந்த பால்காரர் ரங்கன் கண் கூசிப் பள்ளத்தில் விழுந்து செத்தார்.

ஏட்டையாவும் ரங்கனின் மனைவி குப்பாயியும் பண்ணைக் குடோனுக்கு வந்தபோது முதலாளி மாரப்பனிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். "பல்புல குத்தமில்ல, நான் குடிச்சிருந்தேன்னு உம்பேருல எழுதியிருக்குது. கையெழுத்துப் போடுடா."

போட்டால் ஜெயில்.

"போடறனுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, நீங்களே ஒருக்கா படிச்சுக் காட்டுங்க. இருட்டா இருக்குது, லைட்டைப் போடறேன்," என்று மாரப்பன் பிக்கப்பில் ஏறி அந்த வெள்ளை பல்புகளை எரியவிட்டான்.

வண்டிக்கு முன்னால் நின்ற முதலாளி கையைத் தூக்கி, அந்தக் காகிதத்தாலேயே முகத்தை மறைத்துக்கொண்டார். "அணைடா! ஒண்ணுமே தெரியல!"

"எங்க ஊட்டுக்காரரும் இப்பிடித்தானுங்க கையைத் தூக்கியிருப்பாரு," என்றாள் குப்பாயி.

மாரப்பன் லைட்டை அணைக்கவில்லை.