இன்டென்ட் இல்லாமல்

ரெஜினா டீச்சரின் தட்டச்சுப் பயிலகத்தில் தட்டச்சு இயந்திரம் ஒன்றுகூடக் கிடையாது. வாசல் பலகையில் மட்டும் அந்தப் பேர் மிச்சம் இருந்தது. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பெஞ்சு. வேலைக்கு விண்ணப்பம் அடிக்க வருகிறவர்கள் அந்தப் பெஞ்சில் உட்காருவார்கள். அடித்ததை வாங்கிக்கொண்டு பலர் எழுந்து போய்விடுவார்கள். சிலர் போகாமல் உட்கார்ந்தே இருப்பார்கள். டீச்சர் அவர்களிடம்தான் பேசுவார்.

அருமைநாயகம் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

ஐம்பதைத் தொட நாலு மாதம் பாக்கி. டீச்சரைவிடப் பதினாலு வயது மூத்தவர். வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர்கீப்பர். கம்பெனியை மூடி ஆறு மாதம் ஆகிவிட்டது. ஆடி முடிவதற்குள் வேலை கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு ஓசூருக்கு வந்துவிடுங்கள் என்று மனைவியின் அண்ணன் சொல்லியிருந்தார். அவர் வீட்டு மாடியில் ஓர் அறை, அவர் கடையில் ஒரு ஸ்டூல். பிளஸ் டூ படிக்கிற மகள் அதைக் கேட்ட நாளிலிருந்து அப்பாவோடு பேசுவதில்லை.

"இதுல இன்னும் முப்பது காப்பி போடுங்க டீச்சர்."

டீச்சர் தாளை வாங்கிப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. 'எந்த வேலையாக இருந்தாலும் செய்யத் தயாராக இருக்கிறேன்.'

"இது எதுக்கு?"

"ஏதாவது கிடைச்சாப் போதும்னு ஆயிடுச்சு டீச்சர்."

டீச்சர் ஜெராக்ஸ் மெஷினை அணைத்தார். ஆணியில் தொங்கிய துணிப்பையை எடுத்து அவர் மடியில் போட்டார்.

"முக்குல மேரிபுஷ்பம் காய் வச்சிருக்கா. மத்தியானத்துக்கு ஏதாவது வாங்கிட்டு வாங்க."

"என்ன வாங்கட்டும்?"

"ஏதாவது."

என்ன சமைக்கட்டும் என்று வீட்டில் கேட்டால் "ஏதாவது" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் சொல்லிவிட்டு, தட்டில் வந்ததும் முகத்தைச் சுளிக்கிற கூட்டத்தில் அருமைநாயகமும் ஒருவர். அந்த வார்த்தை இன்னொருத்தர் வாயிலிருந்து தன் தலையில் விழுவது அவருக்கு அதுதான் முதல் தடவை.

மேரிபுஷ்பம் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே வேணும்?"

"ஏதாவது குடும்மா."

"ஏதாவதுன்னா?"

"எதுவா இருந்தாலும் சரி."

"அண்ணிகூடச் சண்டையா?"

அவர் சிரிக்கவில்லை. மேரிபுஷ்பம் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். கூடைகளை விட்டுவிட்டுப் பலகைக்கு அடியில் கிடந்த சாக்கை இழுத்தாள்.

டீச்சர் பையை மேஜைமேல் கவிழ்த்தார். முற்றிப்போன வெண்டைக்காய். பழுத்த புடலங்காய். ஒரு ஓரம் கொழகொழத்த பூசணிக்கீற்று. வெண்டைக்காய் ஒன்றை எடுத்து வளைத்தார். அது வளைந்தது, ஒடியவில்லை.

"கடையில வேற யாரும் இல்லையா?"

"ஒரு அம்மா இருந்தாங்க. ஒவ்வொண்ணா ஒடிச்சுப் பாத்து எடுத்தாங்க."

"அவங்களுக்கு ஏன் இதைக் குடுக்கலே?"

அருமைநாயகம் டீச்சரின் பேனாவை எடுத்துத் தன் தாளின் கடைசி வரியைக் கோடு போட்டு அடித்தார்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். செருப்பின் வார் ஒரு பக்கம் பின்னூசியில் நின்றது. பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். ஸ்டோர்கீப்பர் வேலைன்னு தலைப்புலயே போட்டேன். நாப்பத்தாறு இடத்துல குடுத்தேன். ஒருத்தரும் கூப்பிடலே."

"நான் ஒண்ணும் சொல்லலையே. காய் வாங்கிட்டு வரத்தான் சொன்னேன். யார்கிட்ட குடுத்தீங்க?"

"கேட்டுல. வாட்ச்மேன்கிட்ட."

"நாப்பத்தாறு வாட்ச்மேன். அதுல எத்தனை வாட்ச்மேனுக்கு ஸ்டோர்கீப்பர் வேணும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சரும் களைத்திருந்தார். காலையிலிருந்து அருமைநாயகம் எட்டாவது ஆள். எட்டுப் பேரிடமும் ஒரே தாள், பேர் மட்டும் வேறு.

"உங்க ஸ்டோருக்கு ஒருத்தன் வந்து, 'போல்ட் குடுங்க'ன்னு கேட்டா என்ன செய்வீங்க?"

கேட்டதும் அருமைநாயகத்தின் முதுகு நிமிர்ந்தது. "திருப்பி அனுப்பிடுவேன்."

"ஏன்? போல்ட் இல்லையா?"

"ஆயிரம் இருக்கும். எந்த போல்ட்டைக் குடுக்கிறது? என்ன சாமான், என்ன அளவு, எந்த மெஷினுக்கு, அந்த மெஷின்ல என்ன கோளாறு, யார் கையெழுத்து, அத்தனையும் எழுதி இன்டென்ட் வரணும். ஜெனரல் மேனேஜரே வந்து நின்னாலும் இன்டென்ட் இல்லாம ஒரு நட்டு வெளியே போகாது டீச்சர். அப்படி வச்சிருந்தேன்."

"வந்தவன் கெஞ்சினா?"

"கெஞ்சினா? நடையைக் கட்டுன்னு சொல்..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அந்த இன்டென்ட் புத்தகம் ஏதும் வீட்டுல கிடக்கா?"

"ஒண்ணு இருக்கு. எழுதாதது. ஞாபகத்துக்கு எடுத்துட்டு வந்தேன்."

"எழுதிக் கொண்டுவாங்க."

மறுநாள் கொண்டுவந்தார். சாமான் என்ற இடத்தில் 'ஸ்டோர்கீப்பர் வேலை' என்று எழுதியிருந்தார். எத்தனை என்ற இடத்தில் 'ஒன்று'. அதற்குக் கீழே காலி.

"எந்த மெஷினுக்கு?"

"தெரியலே டீச்சர்."

"என்ன கோளாறு?"

"அந்தக் கம்பெனிக்குள்ள நடக்கிறது எனக்கு எப்படித் தெரியும்?"

"யார் கையெழுத்து?"

அவர் கையெழுத்துக் கட்டத்தில் பேனாவை வைத்து, எடுத்துவிட்டார்.

"இன்டென்ட் பூர்த்தி ஆகலே" என்று டீச்சர் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினார். "திருப்பி அனுப்புறேன்."

அதன் பிறகு மூன்று வாரம் அருமைநாயகம் யாரிடமும் தாள் கொடுக்கவில்லை. கம்பெனி கேட்டுகளுக்கு எதிர்த்தாற்போல் இருக்கிற டீக்கடைகளில் நின்றார். பழைய லாரி டிரைவர்களைத் தேடிப் பிடித்தார். தனக்குச் சரக்கு அனுப்பிய வியாபாரிகளுக்குப் போன் போட்டார். பாதிப் பேருக்கு அவர் பேர் மறந்துபோயிருந்தது. 'கையெழுத்து சரியில்லைன்னு என் சரக்கை ரெண்டு நாள் நிறுத்தி வச்ச ஆள்தானே' என்று மீதிப் பேர் ஞாபகம் வைத்திருந்தார்கள். வீட்டில் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்திருந்தாள். கால் வீங்கி, சாயங்காலங்களில் செருப்பு ஏறவில்லை.

இன்டென்ட் புத்தகத்தில் மூன்று தாள் நிரம்பியது.

டீச்சர் ஒவ்வொன்றாக வாசித்தார். டயர் கம்பெனி ஒன்று: காலையில் வருகிற லாரி மத்தியானம் வரை கேட்டிலேயே நிற்கிறது, இறக்க இடம் இல்லை, பழைய சரக்கு வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரி ஒன்று: மருந்தும் கட்டுத்துணியும் ஒரே அறையில், எது எங்கே என்று ஒரே ஒரு நர்ஸுக்குத்தான் தெரியும், அவர் லீவு போட்டால் எல்லாரும் அலைகிறார்கள். பம்பு கம்பெனி ஒன்று: ஸ்டோர்கீப்பருக்குக் கண் தெரியவில்லை, ஆவணியோடு வேலையை விட்டு வீட்டுக்குப் போகிறார். மூன்றிலும் கடைசிக் கட்டத்தில் ஒரு பேர் இருந்தது. முடிவு எடுக்கிறவரின் பேர்.

"இதை யார் சொன்னா?"

"வாட்ச்மேனுங்கதான் டீச்சர். டீ வாங்கிக் குடுத்து, எந்த ஊருன்னு கேட்டேன். அவங்களே எல்லாம் சொன்னாங்க."

டீச்சர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். மூன்று கடிதம் அடித்தார். ஒன்றுக்கொன்று ஒரு வரிகூட ஒத்துப்போகவில்லை.

"காப்பி எத்தனை போடணும்?" என்றார் பழக்கதோஷத்தில்.

"ஒவ்வொண்ணு போதும் டீச்சர்" என்றார் அருமைநாயகம்.

ஆடி இருபத்தெட்டாம் தேதி காலையில் அவர் வந்தபோது தேய்த்த சட்டை போட்டிருந்தார், முகம் கசங்கியிருந்தது. இரவல் வாங்கிப் போன பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"முடிஞ்சு போச்சு டீச்சர். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"என்ன முடிஞ்சது?"

"டயர் கம்பெனியில மேனேஜர் உட்கார வச்சு ஒரு மணி நேரம் பேசினார். லாரி விஷயத்தை எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு அசந்து போயிட்டார். நேத்துப் போன் வந்தது. முதலாளியோட சொந்தக்காரப் பையனைப் போட்டுட்டாங்களாம். நாளைக்குக் காலையில மச்சான் வண்டி அனுப்புறார்."

"ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரியைப் பாத்துக்கிற கன்னியாஸ்திரி மதர் ஊர்ல இல்லையாம். திங்கட்கிழமை வந்து பாருங்கன்னாங்க."

"பம்பு கம்பெனி?"

"ஆவணி பொறக்கட்டும்னாங்க. ஆவணிக்கு நான் ஓசூர்ல ஸ்டூல்ல உட்கார்ந்திருப்பேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அலுத்துப்போச்சு டீச்சர். சரியா செஞ்சும் கிடைக்கலேன்னா இன்னும் அலுப்பா இருக்கு."

டீச்சர் தண்ணீர்ப் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"உங்க ஸ்டோர்ல இன்டென்ட் சரியா வருது. சாமான் மட்டும் இல்லே. அப்போ என்ன செய்வீங்க? கிழிச்சுப் போடுவீங்களா?"

"ஐயோ, கிழிக்கிறதா? 'ஸ்டாக் இல்லை'ன்னு முத்திரை குத்தி பெண்டிங்ல போடுவோம்."

"பெண்டிங்னா?"

"தனியா ஒரு கம்பியில குத்தி, என் கைக்கு எட்டுற மாதிரி மேஜைக்கு மேலேயே தொங்கவிட்டிருப்பேன். அடுத்த லாரி வந்து நின்னா முதல்ல அதைத்தான் எடுப்பேன். இருபத்திரண்டு வருஷத்துல ஒண்ணுகூட விட்டுப்போனதில்லே."

"இப்போ உங்க இன்டென்ட் புத்தகம் எங்கே தொங்குது?"

அருமைநாயகம் வாசலைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். காலையில் கயிறு இழுத்த தடம் உள்ளங்கையில் சிவப்பாக இருந்தது.

"டிரங்குப் பெட்டியில டீச்சர். அடியில வச்சுக் கட்டியாச்சு."

"போய் அவிழுங்க."