உயராத விரல்

"அவனுவ என்னைப் பாக்கல்ல, ஆசானே."

கிளீட்டஸ் ஐஸ் டிப்போ வாசலில் நின்றபடியே சொன்னான். உள்ளே போகத் துணிவில்லை.

ததேயு ஆசான் ஐஸ்கட்டியைச் சாக்கால் பிடித்து எந்திரத்தின் வாய்க்குள் தள்ளினார். அது கடகடவென்று அரைத்துத் துப்பியது. சத்தம் அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"ஆரு பாக்கல்ல?"

"பதினோரு பேரும்."

"பின்ன எங்க பாக்கானுவ?"

"கட்டையப் பாக்கானுவ."

சிப்பித்துறை மைதானத்தில், கோட்டோரம், புன்னை மரத்தடியில் ஒரு கட்டை கிடந்தது. உடைந்துபோன கட்டுமரத்தின் ஒரு தடி. ஊர் கால்பந்து அணியின் பயிற்சியாளராக இருபத்தாறு வருடம் ஆசான் உட்கார்ந்த இடம் அது.

ஆட்டத்தில் ஒருவன் பிழை செய்தால் உடனே கட்டையைத் திரும்பிப் பார்ப்பான். ஆசான் வலது கையின் ஆள்காட்டி விரலை உயர்த்துவார். போனது போகட்டும், ஆடு என்று அர்த்தம். அவன் ஆடுவான்.

அந்த ஊரில் சோறு குழைந்துபோனால்கூடப் பெண்கள் ஒரு விரலை உயர்த்திவிட்டுச் சிரிப்பார்கள்.

இந்த வருடம் விரல் உயர்ந்துகொண்டே இருந்தது. அணி தோற்றுக்கொண்டே இருந்தது. தொடர்ந்து ஆறு தோல்வி.

கடற்கரை லீக்கில் கடைசி இரண்டு இடத்தில் முடிக்கிறவர்கள் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். சிப்பித்துறை ஒருமுறையும் இறங்கியதில்லை.

நான்கு ஆட்டங்கள் மிச்சம் இருக்கும்போது, ஞாயிறு பூசை முடிந்ததும் கமிட்டி கூடியது. ஆசானை மாற்றினார்கள். பதினோரு வருடமாக அவருக்குத் துணையாக நின்ற கிளீட்டஸை அந்த இடத்தில் வைத்தார்கள். வேண்டாம் என்று ஒரு சொல் கிளீட்டஸின் நாக்கு நுனிவரை வந்தது. அவன் அதை விழுங்கிவிட்டான்.

ஆசான் விசிலை வேட்டியில் துடைத்து அவன் கையில் வைத்தார். 

விசிலின் வாயில் வெற்றிலைச் சிவப்பு இன்னும் போகவில்லை. கிளீட்டஸ் அதை ஊதியதும் இல்லை, கழுவியதும் இல்லை. பயிற்சியின்போது கையைத்தான் தட்டினான்.

அவன் பொறுப்பில் இரண்டு ஆட்டம் நடந்தது. இரண்டும் தோல்வி.

"பிழை செஞ்சவன் கட்டையப் பாக்கான். அங்க ஆளில்ல. தலையத் தொங்கப் போட்டிடுதான். தலை நிமிருதப்போ பந்து நம்ம வலையில கிடக்கு" என்றான் கிளீட்டஸ்.

"நீ விரலத் தூக்கிப் பாத்தியா?"

"தூக்கினேன். பிழை செஞ்ச சவரி சிரிச்சிட்டான்."

"நீ என்ன செஞ்ச?"

"நானும் சிரிச்சேன்."

ஆசான் அடுத்த கட்டியை எடுத்தார்.

"ஊர்க்காரனுவ என்ன சொல்லுதானுவ?"

"கோச்ச மாத்தியாச்சு, இனி கோல் போஸ்ட்ட மாத்துங்கன்னு சொல்லுதானுவ."

ஆசான் சிரிக்கவில்லை.

"கட்டைய எடுத்துப் போடு."

"ஆசானே..."

"எடுத்துப் போடு மக்கா."

எந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. அதற்குமேல் பேச முடியாது.

*

அடுத்த வாரம் கிளீட்டஸ் மறுபடி வந்தான். இந்தமுறை உள்ளே வந்தான்.

"எடுத்துப் போட்டேன், ஆசானே. நாலு பேரு சேந்து தூக்கினோம். அவ்வளவு கனம் இருக்கும்னு நெனைக்கல்ல."

"பொறவு?"

"கட்டை கிடந்த எடத்துல புல்லு வெளுத்துக் கிடக்கு. ஒரு ஆளு நீளத்துக்கு. இப்ப அதப் பாக்கானுவ."

"ஆட்டம்?"

"சமன். அவனுவ பெனால்டிய வெளிய அடிச்ச புண்ணியம்."

"இன்னும் ஒண்ணுதான் இருக்கு, இல்லியா?"

"ஞாயித்துக்கிழமை. பாறைத்துறைக்காரனுவ கூட. சமன் செஞ்சா நிப்போம். தோத்தா இறங்குவோம்."

ஆசான் ஈரக் கையை மடியில் துடைத்தார். அவன் முகத்தை முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

"நான் ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"பிழை வந்த உடனே நீ எங்க பாத்த?"

கிளீட்டஸ் கீழே பார்த்தான். உருகிய ஐஸ் தண்ணீர் அவன் செருப்பைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடியது.



பதிலுக்கு அவன் வேறொன்றைப் பேசினான். "ஞாயித்துக்கிழமை வாங்க, ஆசானே. கட்டையத் திரும்பக் கொண்டு போடுதேன். நீங்க இருங்க. கமிட்டிகிட்ட நான் சொல்லுதேன். விசிலையும் தந்திடுதேன். எனக்கு இது வேண்டாம்."

அவனுக்கு வேண்டியது வேறு. முன்பெல்லாம் ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் அவர்கள் இருவரும் கடற்கரையோரம் நடப்பார்கள். ஆசான் நண்டு வளைகளை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடப்பார். கொஞ்ச தூரம் போனதும் கேட்பார்: "என்ன பாத்த, மக்கா?"

"நீங்க பாத்ததுதான், ஆசானே" என்பான் கிளீட்டஸ்.

பதினோரு வருடமாக இதே கேள்வி, இதே பதில். அதை மரியாதை என்றுதான் அவன் நினைத்திருந்தான். அந்தப் பதிலைக் கேட்டதும் ஆசான் ஏன் எப்போதும் கடலின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று அவன் யோசித்ததில்லை. இப்போது அந்த நடைக்காக அவன் ஏங்கினான். கோப்பையே கிடைத்தாலும் அது அந்த நடைக்கு ஈடாகாது.

"வாருவியளா?"

"வாறேன்" என்றார் ஆசான்.

*

ஞாயிற்றுக்கிழமை கட்டை பழைய இடத்துக்கு வந்தது. வெளுத்த புல்லின்மேல் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது.

ஆசான் துவைத்த வெள்ளைச் சட்டையில் வந்தார். ஊர் கைதட்டியது. கமிட்டித் தலைவர் பெர்க்மான்ஸ் ஏதோ சொல்ல எழுந்தார், பிறகு உட்கார்ந்துகொண்டார். பதினோரு பேரின் முகத்திலும் வெளிச்சம் வந்தது. கிளீட்டஸின் முகத்திலும்.

ஆசான் கட்டையருகே போனார். சுற்றி நடந்தார். கடலைப் பார்த்து உட்கார்ந்தார்.

அவருடைய முதுகுதான் மைதானத்தைப் பார்த்தது.

"கெழவருக்குக் கண்ணு போச்சா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"கோவம்டே. மாத்தினோம்லா."

கிளீட்டஸ் ஓடினான். "ஆசானே, ஆட்டம் இந்தப் பக்கம்."

"தெரியும்."

அவர் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

நடுவர் விசில் ஊதினார். கிளீட்டஸ் திரும்பி ஓடினான்.

பதினோராவது நிமிடம். பின்களத்தில் நின்ற சவரி, தன் கோல்கீப்பர் ஆரோனுக்குத் தள்ளிவிட்ட பந்து பாதிவழியில் மணலில் சிக்கியது. பாறைத்துறைக்காரன் ஒருவன் அதைத் தட்டிக்கொண்டு போய் வலையில் போட்டான்.

பதினோரு தலைகளும் கட்டையைப் பார்த்தன. கிளீட்டஸும் பார்த்தான்.

வெள்ளை முதுகு. நடுவில் வியர்வை ஒட்டிய கோடு. கழுத்து நரம்பு புடைத்து நின்றது. ஒரு சாண் திரும்பினால் எல்லாம் தெரியும். அந்தக் கழுத்து திரும்பவில்லை. பந்து உதைபடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருடைய குதிகால் மட்டும் எழுந்து மணலில் குத்தியது.

விரல் உயரவில்லை.

கிளீட்டஸ் காத்திருந்தான். எல்லோரும் காத்திருந்தார்கள். காற்று புன்னை இலைகளை மட்டும் அசைத்தது.

"லேய் சவரி" என்றான் ஆரோன், வலையிலிருந்து பந்தை எடுத்தபடி. "அந்த முதுகுல என்ன நோட்டீசா ஒட்டியிருக்கு? இங்க பாரு."

சவரி திரும்பினான்.

ஆரோன் கையுறை போட்ட கையில் ஒரு விரலைத் தூக்கினான். வாழைப்பழம்போலத் தடித்த விரல்.

சவரிக்குச் சிரிப்பு வந்தது. அவன் நிமிர்ந்து ஓடினான்.

கிளீட்டஸ் இதைப் பார்த்தான். அதன்பிறகு நடந்ததையும் பார்த்தான். கடல்காற்று ஏறிக்கொண்டிருந்தது. உயரத்தில் வந்த பந்துக்கெல்லாம் எதிரணியின் நாலாம் நம்பர்காரன் இரண்டடி பின்னால் போய்க் காத்திருந்தான். தரையோடு வந்த பந்துக்கும் அதே இரண்டடி பின்னால் போனான். பழக்கம். அவனுக்கு முன்னால் ஒரு பாய் விரிக்கிற இடம் எப்போதும் காலியாகக் கிடந்தது.

இடைவேளையில் கிளீட்டஸ் அதை முன்களத்தில் ஆடும் டார்வினிடம் சொன்னான். "டார்வின், பந்த மேல தூக்காத. தரையோட கொண்டு போ. நாலாம் நம்பரு பின்ன போவான். அவன் முன்னால எடம் இருக்கு. அங்கேருந்து அடி."

எல்லோரும் கிளீட்டஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது ஆசான் எப்போதோ சொன்னதா என்று கிளீட்டஸ் தனக்குள் தேடினான். கிடைக்கவில்லை.

எழுபத்திரண்டாம் நிமிடம் டார்வின் அங்கிருந்து அடித்தான். கோல்போஸ்டின் உட்பக்கத்தை உரசிக்கொண்டு பந்து உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று. சிப்பித்துறை எழுந்து நின்று டார்வின் பெயரைக் கத்தியது.

பிறகு பதினெட்டு நிமிடம். கிளீட்டஸ் கோட்டோரம் ஓடினான், குனிந்தான், கத்தினான். சவரி இன்னும் இரண்டு பிழை செய்தான். இரண்டு தடவையும் கிளீட்டஸ் சவரியைத்தான் பார்த்தான்.

கடைசி நிமிடத்தில் பாறைத்துறைக்காரன் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டு, வானத்துக்குப் போய், கோட்டுக்கு வெளியே விழுந்தது. இரண்டு ஊரும் ஒன்றாகக் கத்தின. அந்தச் சத்தத்துக்குள்ளேயே முடிவு விசில் ஒலித்தது.

ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். பெர்க்மான்ஸ் யாரையோ கட்டிக்கொண்டார். அப்போதுதான் கிளீட்டஸுக்குக் கட்டையின் நினைவு வந்தது.

ஆசான் அப்படியே இருந்தார். முகம் கடலைப் பார்த்து.

"கடைசியா கேட்ட சத்தம் நம்ம சத்தமா, அவனுவ சத்தமா?"

"ரெண்டு பேரும் கத்தினானுவ, ஆசானே. கம்பத்துல பட்டு வெளிய போச்சு. நின்னுட்டோம்."

ஆசான் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தார். கட்டையின் வெடிப்புகள் அந்தக் கையின் பின்புறம் முழுக்கப் பதிந்திருந்தன. விரல்களை மடக்க வரவில்லை. இடது கையால் ஒவ்வொன்றாக நீவிவிட்டார்.

கிளீட்டஸ் பையிலிருந்து விசிலை எடுத்து நீட்டினான்.

அவர் அதைப் பார்க்கவில்லை. கட்டையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இரு."

பதினோரு வருடத்தில் கிளீட்டஸ் அந்தக் கட்டையில் உட்கார்ந்ததில்லை. இப்போது உட்கார்ந்தான். அவர் முகம் கடலுக்கு. அவன் முகம் மைதானத்துக்கு.

"நான் ஒண்ணும் பாக்கல்ல" என்றார் ஆசான். "நீ என்ன பாத்த, மக்கா?"

கிளீட்டஸ் வாயைத் திறந்தான். பழைய பதில் வரவில்லை.

"மொத கோலு விழுந்ததுமே காத்து ஏறத் தொடங்கிட்டு, ஆசானே" என்று தொடங்கினான்.