காடை வாயை மூடிய மாலை

ஒரு காட்டில் காடை ஒன்று குஞ்சுகளோடு குடியிருந்தது. அது வாயைத் திறந்தால் லேசில் மூடாது. குறுக்கே பேச இடம் கிடைக்காமல் குஞ்சுகள்தான் பாவம், பேசாமல் உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் காலை, புதர் மறைவிலிருந்து ஒரு குரல் வந்தது. "அக்கா, நான் சிங்கராஜாவின் அரண்மனை ஆள். உங்கள் வீட்டுக்கு ராஜா ஒரு படி கம்பு கொடுக்கச் சொன்னார். எங்கே கொண்டு வரட்டும்?"

ராஜா வீட்டுக் கம்பு என்றதும் காடைக்குத் தலைகால் புரியவில்லை.

"கறையான் புற்றுக்குப் பின்னால் முள்புதர் இருக்கிறது, அங்கேதான். நான் இல்லாவிட்டால், 'க்விக் க்விக் கிர்' என்று கூப்பிடுங்கள். என் குரல் என்று குஞ்சுகள் ஓடி வந்துவிடும். பக்கத்தில் என் தங்கை கௌதாரி இருக்கிறாள், அவளுக்கும் கொஞ்சம் கொடுங்கள்" என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னது.

"மாலையில் வருகிறேன்" என்று குரல் விடைபெற்றது. போகும்போது புதருக்கு மேலே ஒரு வால் ஆடியது. காட்டுப்பூனையின் வால்.

காடைக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. குஞ்சுகளை நினைத்து அழுதது. வெளியே தெரிந்தால் எல்லாரும் சிரிப்பார்களே என்று இன்னும் கொஞ்சம் அழுதது.

அந்த வழியே வந்த முள்ளம்பன்றி, "என்ன, இன்று உன் வீட்டில் சத்தமே இல்லை?" என்று கேட்டது. காடையால் எவ்வளவு நேரம்தான் அடக்க முடியும்? எல்லாவற்றையும் கொட்டிவிட்டது.

முள்ளம்பன்றி சிரிக்கத்தான் செய்தது. பிறகு சொன்னது: "வழியையும் குரலையும்தானே கொடுத்தாய், குஞ்சுகளைக் கொடுக்கவில்லையே. வெளிச்சம் இருக்கும்போதே வேறு புதருக்குப் போ. கூப்பிடும் குரலை மாற்று. உன் பெயரைச் சொல்லிக் கௌதாரியிடமும் போவான், அவளிடம் சொல்லிவை. அவன் என்ன பேசினாலும் நீ பதில் பேசாதே."

"மற்றதெல்லாம் செய்துவிடுவேன், அண்ணா. அந்தக் கடைசி ஒன்றுதான் கஷ்டம்" என்றது காடை.

மாலையில் பூனை வந்தது. "க்விக் க்விக் கிர்" என்று அச்சு அசலாகக் கூப்பிட்டது. ஒரு குஞ்சும் வரவில்லை. கௌதாரியைத் தேடிப் போனது. அவளும் பிள்ளைகளோடு உயரமான கிளையில் ஏறிவிட்டிருந்தாள்.

பூனைக்குக் கோபம் வந்தது. "ஏ வாயாடி, பயந்து ஓடிவிட்டாயா? உன்னைப் போல ஏமாளியை நான் பார்த்ததே இல்லை" என்று கத்தியது.

புதிய புதருக்குள் காடையின் தொண்டை வரைக்கும் பதில் வந்தது. நல்ல சூடான பதில். குஞ்சுகளைப் பார்த்தது. அலகை இறுக மூடிக்கொண்டு, அதை அப்படியே விழுங்கியது.

பூனை கத்திக் கத்திக் களைத்து, வெறும் வயிற்றோடு போய்விட்டது.

வெகுநேரம் கழித்துக் கடைக்குட்டிக் குஞ்சு மெல்லக் கேட்டது: "அம்மா, உனக்கு உடம்பு சரியில்லையா?"

நீதி: ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதே. உடனே வேண்டியவர்களிடம் சொல், மாற்ற வேண்டியதை மாற்று, ஏமாற்றியவனிடம் மறுபடி வாய் கொடுக்காதே.