ஏட்டுவீட்டுப் பாட்டு அரங்கேறிய மத்தியானம்

மருதூர்ச் சீமை ராஜாவுக்கு எதையும் இரண்டு பேர் சொல்ல வேண்டும். முதலில் ஆதிமூலப் பண்டிதர் சொல்வார். அப்புறம் அங்காயி சொல்வாள். அங்காயி அவையில் விகடம் பேசுகிறவள். ஏட்டுவீட்டில் வளர்ந்தவள்.

ஏட்டுவீடு என்றால், பெண்கள் கூடிப் பாட்டுக் கட்டி ஓலையில் எழுதுகிற வீடு. ஒருத்தி பாடுவாள். ஒருத்தி எழுத்தாணி பிடிப்பாள். ஒருத்தி ஓரத்தில் கிளியும் மயிலும் கீறுவாள். படியெடுத்து ஊர் ஊராகக் கொடுப்பார்கள். தொடங்கி வைத்த பொன்னாத்தாள் போய்ச் சேர்ந்து வெகுகாலம். வேலை நிற்கவில்லை.

"அந்த ஏடுகளை அரண்மனை நூல்சாலையில் வைத்து விழா எடுப்போம்" என்றார் ராஜா.

பண்டிதருக்குப் பொறுக்கவில்லை. "மகாராஜா, பண்டிதர் சபையில் அரங்கேறாதது நூலே இல்லை. அதை அடுப்பில் போடுவதுதான் மரபு."

மரபு என்றால் ராஜாவுக்குக் கொஞ்சம் பயம். "சரி, நாளைக்கு அரங்கேற்றட்டும். பாட்டு முடிவதற்குள் ஒரு பண்டிதர் குற்றம் சொன்னாலும் ஏடெல்லாம் அடுப்புக்கு. யாரும் சொல்லாவிட்டால் நூல்சாலைக்கு."

"குற்றம்தானே? வாயைத் திறந்தால் வரும்" என்றார் பண்டிதர்.

அன்றைக்கு ஏட்டுவீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அங்காயி மட்டும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ராஜாவிடம் போனாள்.

"மகாராஜா, பெரியவங்க பசியோட தர்க்கம் பண்ணினா எங்களுக்குத்தான் பாவம். விருந்து போட்டுட்டு சபையைக் கூட்டுங்க."

அப்படியே நடந்தது. நெய் ஒழுகப் பொங்கல், வடை, பாயசம். ஆதிமூலப் பண்டிதர் பாயசத்தை மறுபடியும் கேட்டு வாங்கினார். பிறகு எல்லாரும் வந்து திண்டில் சாய்ந்தார்கள்.

"நூல் யார் எழுதியது?" என்றார் பண்டிதர்.

"எல்லாருந்தான் சாமி. ஒருத்தி பேரைப் போட்டா மத்தவ கோவிச்சுக்குவா" என்றாள் அங்காயி.

"என்ன நூல்?"

"தாலாட்டு."

"இதற்கு நான் வேறு வரவேண்டுமா? சரி, பாடுங்கள்."

பெண்கள் எல்லாரும் சேர்ந்து மெல்ல எடுத்தார்கள்.

"ஆத்தங்கரை நாணலெல்லாம் அசையாமத் தூங்குதடா,
காத்தடிக்கும் வேப்பமரம் கண்மூடித் தூங்குதடா..."

கடைசி வரிசையில் ஒரு தலை சாய்ந்தது. அடுத்த தலை அதன்மேல் சாய்ந்தது. ஆதிமூலப் பண்டிதர் குற்றம் சொல்ல வாயைத் திறந்தார். கொட்டாவி வந்தது. திறந்த வாய் திறந்தபடி இருக்க, அப்புறம் குறட்டை வந்தது.

பாட்டு முடிந்தது. ராஜா தன் கண்ணையும் கசக்கிக்கொண்டு, "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்றார்.

பண்டிதர் புரண்டு படுத்தார்.

"இல்லை போலிருக்கிறது. ஏடுகளை நூல்சாலைக்குக் கொண்டுபோங்கள்."

அந்தச் சந்தடியில் பண்டிதர் விழித்துக்கொண்டார். "அநியாயம் மகாராஜா. நான் பாட்டை முழுசாகக் கேட்கவே இல்லை. மறுபடி பாடச் சொல்லுங்கள்."

"பாடறோம் சாமி" என்றாள் அங்காயி. "இந்தத் தடவை தலகாணி போதுமா, தூளியே கட்டிடட்டுமா?"

ராஜா சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. முடித்ததும், ஓலைக்கு இருக்கட்டும் என்று ஏட்டுவீட்டுக்கு ஒரு பனந்தோப்பைக் கொடுத்தார்.