பேச்சிமுத்து தாங்குவானா?

"கோச்சம்மா, ஒருத்தன் பெரிய ஆட்டத்துக்குத் தாங்குவானா மாட்டானான்னு எதை வச்சுச் சொல்றது?"

கேட்டவர் குருசாமி. பேரில்தான் குரு. வேலையில் சீடர்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, லீக்கில் ஆடும் ஒரு கபடி அணிக்கு ஆள் தேடித் தரும் வேலைக்கு வந்தார். கல்லூரி கல்லூரியாகப் போவார். ஆட்டம் பார்ப்பார். தேறுகிறவன் பேரைச் சொல்வார்.

அவருக்கு அந்த வேலையைக் கற்றுத் தந்தவர் சகாயராணி. அணியின் பயிற்சியாளர். ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவர். வயதில் சின்னவர் என்பதால் குருசாமியை அண்ணே என்பார். குருசாமி அவரைக் கோச்சம்மா என்பார்.

"யாரைப் பத்திக் கேக்கீங்க?"

"தென்காசிப் பக்கம் ஒரு காலேஜ் பையன். பேச்சிமுத்து. இடது ஓரத்துல நின்னு பிடிக்கிறவன்."

"எப்படி ஆடுறான்?"

குருசாமி பேசத் தொடங்கினார்.

உயரம் குறைவு. ஆனால் கை நீளம். கணுக்கால் அகப்பட்டால் விடமாட்டான். ஆனால் இதுவரை அவன் பிடித்ததெல்லாம் கல்லூரிப் பையன்களை. லீக்கில் கபடி பாடி வருகிறவன் காலை ஒரு உதறு உதறினால் இவன் கோட்டுக்கு வெளியே போய் விழுவான். தோள் தாங்குமா? இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாமா? பொறுத்தால் வேறு அணி கொத்திக்கொண்டு போய்விடுமா?

சகாயராணி வாழைப்பழத்தைத் தின்று முடித்தார். தோலைக் கூடையில் போட்டார்.

"அண்ணே, நீங்க இவ்வளவு நேரம் பேசினது பேச்சிமுத்துவைப் பத்தி இல்ல. போன வருஷத்துப் பையனைப் பத்தி."



போன வருடம் குருசாமி ஒருவனைத் தேர்ந்தெடுத்தார். பனைமரம் மாதிரி வளர்த்தி. இரும்புத் தோள். அப்படியும் சீசன் பாதி தாண்டுவதற்குள் அவனை வெளியே உட்காரவைத்தார்கள். பிறகு ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். குருசாமி கூப்பிட்டால் அவன் இன்றைக்கும் போனை எடுப்பதில்லை.

"இன்னொரு பிள்ளையை ஆசை காட்டி மோசம் பண்ண எனக்குத் தெம்பு இல்ல கோச்சம்மா. நீங்களே வந்து பாத்துச் சொல்லிருங்க."

"நாளைக்குச் சாயங்காலம் அணிக்குப் பேரு சொல்லியாகணும். காலையிலேயே போயிருவோம். டவுசர் இருந்தா எடுத்துக்கோங்க."

"டவுசர் எதுக்கு?"

சகாயராணி கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

*

காலை வெயில் இதமாக இருந்தது. கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் மேட் விரித்துப் பையன்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். இடது ஓரத்தில், குட்டையாக, காது விடைத்து, பேச்சிமுத்து.

குருசாமி போனைத் திறந்தார். "இவன் ஆடினதெல்லாம் வீடியோ எடுத்து வச்சிருக்கேன். முதல்ல இதைப் பாருங்க."

"டவுசரைப் போட்டுட்டு வாங்க அண்ணே."

"நானா?"

"பாடிப் போங்க. அவனைத் தொட்டுட்டு வாங்க."

"கோச்சம்மா, எனக்கு முட்டி..."

"போங்க."

குருசாமி போனார். நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டார். மூச்சை இழுத்தார்.

"கபடி கபடி கபடி..."

எத்தனையோ வருடம் கழித்து அந்தச் சத்தம் அவர் வாயிலிருந்து வந்தது. அவருக்கே சிரிப்பாக இருந்தது. இரண்டு எட்டு வைத்தார். கையை நீட்டிப் பேச்சிமுத்துவின் தோளைத் தொட்டார். திரும்பி வந்துவிட்டார்.

பையன்கள் கை தட்டினார்கள்.

சகாயராணி தட்டவில்லை.

"தம்பி, ஏன் விட்ட?"

பேச்சிமுத்து தலையைச் சொறிந்தான். "வயசானவரு மேடம்."

"உன்னைத் தேர்ந்தெடுக்கத்தான் வந்திருக்கோம். தெரியுமா?"

"தெரியும் மேடம். அதுக்காகப் பெரிய மனுசனைத் தூக்கிப் போடவா?"

குருசாமி காதில் அது விழுந்தது.

"யாருடா வயசானவன்?"

மறுபடியும் போனார்.

இந்தத் தடவை அவர் வாத்தியாரும் இல்லை, ஆள் தேடுகிறவரும் இல்லை. கல்லூரியில் படித்தபோது அவரிடம் ஒரு வித்தை இருந்தது. இடது பக்கம் போவதுபோல் சாய்ந்து, வலது காலைப் பின்னால் வீசுவார். எதிரணிக்காரன் நெஞ்சைத் தடவிக்கொண்டு வெளியே போவான். உடம்பு அதை மறக்கவில்லை. சாய்ந்தார். காலை வீசினார்.

கால் திரும்பி வரவில்லை.

மேட் மேல் முகம் பதிய விழுந்தார். மேலே நாலு பேர்.

"சார், வலிக்குதா?" என்றான் பேச்சிமுத்து, கணுக்காலை விடாமல்.

"வாய மூடுடா. இன்னொரு தரம்."

மூன்றாவது தடவை குருசாமி சூதாகப் போனார். பேச்சிமுத்துவின் பக்கமே போகவில்லை. அவனை ஓரக்கண்ணால் பார்த்தபடியே, அவன் கையைப் பிடித்து நின்ற ஒல்லிப் பையனைக் குறிவைத்தார். அசமந்தமான பையன். எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். குருசாமி பாய்ந்தார்.

அதற்குள் அந்த ஒல்லிப் பையன் அவர் இடுப்பைக் கட்டியிருந்தான்.

குருசாமி கீழே கிடந்தபடி கேட்டார். "நீ எப்படிடா கண்டுபிடிச்ச?"

"எனக்கு ஒன்னும் தெரியாது சார். பேச்சி கையை அமுக்கினான். பாஞ்சேன்."

குருசாமி தலையைத் திருப்பினார். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பேச்சிமுத்து கூச்சப்பட்டான். "பாயறதுக்கு முன்னாடி உங்களுக்குப் பாட்டு சுருங்குது சார். முதல் ரெண்டு தரமும் அப்படித்தான்."

"முதல் தரம் நீ சும்மாத்தானே நின்ன?"

"நின்னேன் சார். ஆனா கேட்டுக்கிட்டு இருந்தேன்."

குருசாமி எழுந்து உட்கார்ந்தார். எத்தனை கோப்பை, எத்தனை ஊர், எத்தனை ஆட்டம். அவரோடு ஆடியவன், அவரை எதிர்த்து ஆடியவன், ஒருவனும் இதைச் சொன்னதில்லை. வயிறு குலுங்க ஒரு சிரிப்பு வந்தது. பையன்களுக்கும் தொற்றிக்கொண்டது.

"டேய், அப்ப பாட்டைச் சுருக்காம வந்தா?"

"வாங்க சார். பாப்போம்."

குருசாமி முட்டியைத் தேய்த்துக்கொண்டே நடுக்கோட்டுக்கு ஓடினார்.

சகாயராணி போனை எடுத்து அணி மேலாளரைக் கூப்பிட்டார்.

"இடது ஓரத்துக்கு ஆள் கிடைச்சாச்சு. பேச்சிமுத்துன்னு பேரு."

"சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கே மேடம். என்ன அவசரம்?"

"அவசரம் இல்ல. முடிஞ்சிருச்சு."

"அவனை இத்தனை நாளாப் பாத்துட்டு வர்றது குருசாமி சார்தானே? அவரு என்ன சொல்றாரு? கொஞ்சம் அவர்ட்ட குடுங்க."

சகாயராணி போனை மேட் பக்கமாக நீட்டிப் பிடித்தார்.

"கபடி கபடி கபடி கபடி கபடி..."