அந்தப் பேச்சு எங்கே ஏறியது

"ஹிஸ்டரி படிச்சா என்ன வேலை கிடைக்கும், மேடம்?"

எபனேசர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டார். பஸ் கண்டக்டர். பணி முடிந்ததும் காக்கிச் சட்டையோடு நேரே பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார்.

கையில் மகள் ஜெனிபாவின் மனு. வரலாற்றிலிருந்து வணிகவியலுக்கு மாற்றித் தரச் சொல்லி. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

அப்பா காட்டிய இடத்தில் மகள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை.

வரலாற்றுப் பேராசிரியை வசந்தமலர் அவரைவிடப் பத்து வயது சின்னவர். ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

அந்தத் துறையில் படித்தவர்களின் பட்டியல். அருங்காட்சியகத்தில் ஒருத்தி. ஆவணக் காப்பகத்தில் இரண்டு பேர். ஒரு தாசில்தார். வக்கீல்கள், பத்திரிகைக்காரர், பள்ளிக்கூட ஆசிரியர்கள், சுற்றுலாத் துறையில் ஒருவர்.

எபனேசர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தாள்ல யாரு வேணும்னாலும் என்ன வேணும்னாலும் அடிக்கலாம், மேடம்."

பேராசிரியைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படிக் கேளுங்க அண்ணாச்சி. எங்க பிள்ளைங்க இப்படிக் கேக்கிறதுக்கே ஒரு வருஷம் ஆகும். சரி, வேலை கிடைக்காதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"எல்லாருந்தான் சொல்லுதாங்க."

"எல்லாருன்னா?"

"எல்லாருந்தான்."

"உங்க பஸ்ல ஒருத்தர் டிக்கெட் இல்லாம இருக்காரு. என்ன கேப்பீங்க?"

"எங்க ஏறினீங்கன்னு கேப்பேன்."

"இந்தப் பேச்சு எங்க ஏறிச்சுன்னு கேட்டுட்டு வாங்க. மனுவை அப்புறம் வாங்கிக்கிறேன்."

எபனேசர் எழுந்துகொண்டார். படித்தவர்கள் இப்படித்தான் சுற்றி விடுவார்கள் என்று நினைத்தார். ஆனாலும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

முதலில் டெப்போவில் டிரைவர் சுடலைமணியைப் பிடித்தார்.

"ஹிஸ்டரிக்கு வேலை இல்லைன்னு சொன்னியே, உனக்கு யாருப்பா சொன்னது?"

"நல்லாருக்கே. போன வாரம் ரெண்டு டிரிப்பும் நீங்கதான அண்ணே புலம்பிட்டே வந்தீங்க. நான் ஆமாம் போட்டேன், அவ்வளவுதான்."

அது கணக்கில் சேராது என்று விட்டுவிட்டார்.

சகலை ராஜமணி வீட்டுக்குப் போனார். மனு எழுதிக் கொடுத்ததே சகலைதான்.

"எனக்கு நம்ம மாமனார் சொன்னாரு. அவரு அனுபவஸ்தர், சும்மா சொல்ல மாட்டாரு."

"எப்பச் சொன்னாரு?"

"எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல. இதையெல்லாமா தேதி வச்சுக் கேப்பீங்க? என்ன சகலை, போலீஸ்ல சேந்துட்டீங்களா?"

வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு மாமனார் ஊருக்குக் கிளம்பினார். "ஜெபம் பண்ணிட்டுப் போங்க," என்றாள் மனைவி. எதற்கென்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மாமனார் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்ன மாப்பிள்ளை, இப்படிக் கேட்டுட்டீங்க. நீங்கதான சொன்னீங்க?"

"நானா?"

"உங்க மச்சினன் விக்டர் பன்னிரண்டாவது முடிச்சுட்டு ஹிஸ்டரிதான் படிப்பேன்னு நின்னான். நீங்க இதே இடத்துல உக்காந்து, அது சோறு போடாது மாமான்னு சொன்னீங்க. டவுன் மாப்பிள்ளை சொல்லுதாரேன்னுதான் அவனை ஐ.டி.ஐ.ல போட்டேன்."

"விக்டர் இப்ப சார்ஜாவுல நல்லாத்தான இருக்கான்?"

"நல்லாத்தான் இருக்கான். லீவுக்கு வந்தா உங்க பொண்ணைக் கூட்டிக்கிட்டு பழைய கோட்டை, மியூசியம்னு அலையுதான். அது வேற."

மாமனார் மறுபடியும் கரண்டியை எடுத்தார்.

"ஆமா, உங்களுக்கு யாரு மாப்பிள்ளை சொன்னது?"

எபனேசர் யோசித்தார். இருபது வருஷத்தையும் ஒவ்வொரு நிறுத்தமாகப் பின்னால் போய்ப் பார்த்தார். யாரும் சொல்லியிருக்கவில்லை. அப்போது அவர் புது மாப்பிள்ளை. இலை போட்டு, மொத்தக் குடும்பமும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய மனுஷனாக ஏதாவது ஒன்று சொல்லவேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பல்கலைக்கழகத்துக்குப் போனார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் காக்கிச் சட்டையைக் கண்டதும் பிள்ளைகள் எல்லாரும் திரும்பினார்கள். இரண்டாம் வரிசையில் ஜெனிபா மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வாங்க அண்ணாச்சி. ஆள் கிடைச்சாரா?"

"கிடைச்சாரு மேடம். ஆனா நம்ப முடியாத ஆளு."

"எப்படிச் சொல்றீங்க?"

"பத்தாவதோட நின்னவரு. ஹிஸ்டரி படிச்ச ஒருத்தரையும் பாத்துக் கேட்டதில்லை. நாலு பேரு மதிக்கணும்னு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்காரு. அதை நம்பி ஒரு பையன் படிப்பையே மாத்தியிருக்கான். இன்னொரு பிள்ளையும் மாத்தியிருக்கும்."

ஜெனிபாவின் பேனா நின்றது. மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

"யாருப்பா அது?"

"உங்கப்பன்தாம்மா."